இலவச சாஃப்ட்வேர் இருக்கு... நூலகத்தின் பட்டியல் யார் கையில் இருக்கு?

2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டக்காரர்களுக்கு இந்தத் தேதிகளை நினைவுபடுத்த வேண்டியதில்லை. 18ஆம் தேதி காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை. பக்கத்து ஊரான திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைத் தாண்ட முடியாமல் பயணிகளோடு நின்றுபோனது. ஏரலிலும் தூத்துக்குடியிலும் வீட்டுக்குள் ஏறிய தண்ணீர், பீரோவில் இருந்த பத்திரத்தையும் மதிப்பெண் சான்றிதழையும் சேர்த்தே நனைத்தது.

ஆதாரக் காகிதம் போனால் என்ன பாடு என்று அந்த வாரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். அதையே ஒரு நூலகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். தரைத்தளத்தில் இருக்கும் ஒரு நூலகத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் நனைந்தது பெரிய இழப்புதான். ஆனால் கடையில் கிடைக்கும் புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். எந்தெந்தப் புத்தகம் இருந்தது என்று எதைப் பார்த்து வாங்குவது? அந்தக் கணக்கு இருக்கும் அக்சஷன் ரிஜிஸ்டரும் அதே அறையில், அதே தண்ணீரில்தானே இருந்திருக்கும்?

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு" என்று பதில் வரலாம். நல்லது. எந்தக் கம்ப்யூட்டரில்? அது எங்கே இருந்தது? அதில் ஏற்றியதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்க முடியுமா? நூலகங்கள் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்கு மாற வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் காசைப் பற்றியே நடக்கிறது. உண்மையில் அது இந்தக் கேள்விகளைப் பற்றியது.

நூலக சாஃப்ட்வேர் என்ன செய்யும்?

வெளியிலிருந்து பார்த்தால், புத்தகத்தைக் கொடுத்து வாங்கும்போது பார்கோடு ஸ்கேன் பண்ணும் ஒரு புரோகிராம். உள்ளே அது நாலைந்து வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பு, எந்த அலமாரி என்ற விவரங்களை வைத்திருக்கும். உறுப்பினர் பட்டியலை வைத்திருக்கும். யார் எதை எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கணக்குப் பார்க்கும். புதுப் புத்தகம் வாங்கும் பட்ஜெட்டையும் கவனிக்கும். வாசகர் தேடுவதற்கு ஒரு இணையப் பக்கமும் தரும். அதற்கு நூலகர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஓபாக்'.

இதில் மற்ற எல்லாவற்றையும் திரும்ப உருவாக்கிவிடலாம். புத்தகப் பதிவுகளைத்தான் சுலபத்தில் உருவாக்க முடியாது. 30,000 புத்தகம் உள்ள ஒரு நூலகத்தில் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, பொருள் வாரியாகப் பிரித்துப் பதிய ஒருவருக்கு ஆண்டுகள் ஆகும். சாஃப்ட்வேர் மாறும், கம்ப்யூட்டர் மாறும், நூலகரே மாறுதலாகிப் போவார். பதிவு நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களில் இப்போது சில வகை சாஃப்ட்வேர் புழக்கத்தில் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் விற்பவை ஒரு பக்கம். குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்காக உருவாக்கிய 'சோல்' இன்னொரு பக்கம். மத்திய அரசின் என்ஐசி உருவாக்கிய 'இ-கிரந்தாலயா' அரசு நூலகங்களுக்காக வந்தது. இவை தவிர 'கோஹா'.

இங்கேதான் ஒரு குழப்பம் வருகிறது. இ-கிரந்தாலயாவுக்கு அரசு நூலகங்கள் லைசன்ஸ் காசு கட்ட வேண்டாம். அதனால் அது ஓப்பன் சோர்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓப்பன் சோர்ஸ் இல்லை. காசு வாங்காமல் கொடுப்பது வேறு. உள்ளே இருக்கும் புரோகிராமைத் திறந்து காட்டி, 'நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், அடுத்தவருக்கும் கொடுங்கள்' என்று சட்டப்படி அனுமதிப்பது வேறு. கோஹா இரண்டாவது ரகம். தமிழில் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிரச்சினை கட்டணம் இல்லை, கட்டு.

ஒரு சின்ன ஊர் நூலகம் செய்த வேலை

கோஹாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது ஒரு பெரிய ஐடி கம்பெனியில் பிறந்ததில்லை.

1999. நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சிறிய மாவட்டம். அங்கே இருந்த பொது நூலகங்களை ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை நடத்திவந்தது. அவர்களிடம் இருந்த பழைய சாஃப்ட்வேர் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்துவிட்டது. உலகமே பயந்த 'ஒய்டூகே' பிரச்சினைதான். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால், சந்தையில் இருந்தவை அவர்களுடைய பட்ஜெட்டுக்கும் ஊருக்கும் ஒத்துவரவில்லை. கிளை நூலகங்களுக்குச் சாதாரண டெலிபோன் லைன்தான் இருந்தது.

அதனால் வெலிங்டனில் இருந்த கடிபோ என்ற சிறு நிறுவனத்திடம், பிரவுசரில் ஓடும்படி புதிதாக ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். 2000 ஜனவரி முதல் வாரத்தில் அது ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எடுத்த முடிவுதான் முக்கியம். இதை நாம் மட்டும் வைத்திருந்தால், பழுது வரும்போதெல்லாம் நாம் மட்டுமே செலவு செய்ய வேண்டும்; எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஜிபிஎல் உரிமத்தில் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. சும்மா வாங்கிவிட்டுப் போகிற பரிசு இல்லை; வாங்கியவர் ஒருநாள் திரும்பச் செய்ய வேண்டிய முறை. நம் ஊர் மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரச்சினை வராமல் இல்லை. லிப்லைம் என்ற அமெரிக்க நிறுவனம் 2007இல் கடிபோவின் கோஹா பிரிவை வாங்கியது. 2009இல் தன் வாடிக்கையாளர்களுக்கென்று தனியாக ஒரு கோஹாவை ஓட்ட ஆரம்பித்தது. 2010இல் லிப்லைமை பிடிஎஃப்எஸ் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. பழைய கோஹா இணையதளம் நிறுவனத்தின் கையில் இருந்ததால், உலகம் முழுக்க இருந்த நூலகர்களும் புரோகிராமர்களும் வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்தார்கள். 2011இல் நியூசிலாந்திலேயே 'கோஹா' என்ற பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய முயற்சி நடந்தது. ஹோரோஃபெனுவா அறக்கட்டளையும், கேட்டலிஸ்ட் என்ற நியூசிலாந்து ஐடி நிறுவனமும் எதிர்த்து நின்றன. 2013 டிசம்பரில் தீர்ப்பு இவர்கள் பக்கம் வந்தது.

இந்தச் சண்டையில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெயரும் இணைய முகவரியும் கைமாறும் நிலை வந்தபோதும், கோஹாவைப் பயன்படுத்திக்கொண்டிருந்த எந்த நூலகமும் அதை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. புரோகிராம் அவர்களிடமே இருந்தது. விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரின் நிறுவனம் கைமாறியிருந்தால், அல்லது மூடியிருந்தால், இதே நூலகங்களின் கதி வேறாக இருந்திருக்கும். இன்று கோஹா ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரும், புதுப் பதிப்பாக வருகிறது.

கல்லூரிகள் ஏன் அவசரப்படுகின்றன?

இந்தியாவில் இந்த மாற்றத்துக்குப் பின்னால் கொள்கை ஆர்வம் மட்டும் இல்லை. நாக் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 4.2.1 என்று ஒரு கேள்வி. நூலகம் ஒருங்கிணைந்த சாஃப்ட்வேரில் இயங்குகிறதா? பெயர் என்ன, எந்த வெர்ஷன், முழுசாவா பாதியா, எந்த ஆண்டிலிருந்து? நாக் குழு வருகிறது என்றால் பெயின்ட் அடிப்பதோடு நூலக சாஃப்ட்வேரும் கல்லூரி நிர்வாகத்தின் கவனத்துக்கு வரும்.

இதனால் நல்லதும் நடந்திருக்கிறது. காசில்லாத கல்லூரிகூட கோஹாவை நிறுவிவிட முடிகிறது. நூலக அறிவியல் முதுகலைப் படிப்பில் கோஹா செய்முறைப் பாடமாக இருப்பதால், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அது அந்நியமும் இல்லை. பக்கத்து கேரளத்தில் கல்லூரி நூலகர்களே வலைப்பதிவு எழுதியும் பயிற்சி முகாம் நடத்தியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து கோஹாவைப் பரப்பினார்கள். லினக்ஸ் தெரியாதவர்கள் லினக்ஸ் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அந்த 4.2.1 'நிறுவியாச்சா' என்று கேட்கிறதே தவிர, 'பேக்கப் எங்கே' என்று கேட்பதில்லை. மூன்று ஆண்டுக்கு முன்னால் நிறுவிய கோஹா, அதே பழைய வெர்ஷனில், நூலகர் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தாலும் படிவத்தில் அது 'முழுமையான ஆட்டோமேஷன்'தான்.

பேக்கப் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டெபியன், உபுண்டு லினக்ஸில் வழக்கமான முறையில் கோஹாவை நிறுவினால், தினமும் அதுவே ஒரு பேக்கப் எடுத்துவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். கேட்கவே நிம்மதியாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பேக்கப் அதே கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில்தான் சேரும். ஹார்டு டிஸ்க் போனால் இரண்டும் போச்சு. வெள்ளத்தில் கம்ப்யூட்டர் முழுகினாலும் அதே கதிதான். உப்புக் காற்றும் கரண்ட் கட்டும் சேர்ந்த கடற்கரை ஊரில் ஹார்டு டிஸ்க் போவதற்கு 95 செ.மீ. மழைகூட வேண்டாம். தினமும் ஒரு நகல் வேறு ஊரில் இருக்கும் சர்வருக்குப் போகும்படி செய்ய, தெரிந்தவருக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாளை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை.

விலை கொடுத்து வாங்கினால் இது நடக்காதா? நடக்கும். 2023 அக்டோபரில் லண்டனின் பிரிட்டிஷ் லைப்ரரி மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. உலகின் மிகப்பெரிய நூலகங்களில் ஒன்று. அதன் ஆன்லைன் பட்டியல் 2024 ஜனவரியில்தான், அதுவும் குறைந்த வசதிகளோடு, மீண்டது. தாக்குதலுக்குப் பிறகு அந்த நூலகமே வெளியிட்ட அறிக்கை, பழைய சிஸ்டங்களை மறுபடி எழுப்ப முடியாமல் போனதைப் பெரிய பிரச்சினையாகச் சொன்னது. பராமரிப்பு இல்லாத சிஸ்டம் திறந்ததாக இருந்தாலும் மூடியதாக இருந்தாலும் விழும்.

'அம்மா'வைத் தேடினால் வராத அம்மா

தமிழ் நூலகங்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. இது நியூசிலாந்துக்காரர்களுக்குத் தெரியாதது.

பல ஆண்டுகளாகத் தமிழைக் கம்ப்யூட்டரில் அடித்தது யூனிகோடில் இல்லை. பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்டுகளில். இந்த ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி மாட்டியவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் பதிவாகியிருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த ஃபான்ட் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். போனில் யூனிகோடில் 'அம்மா' என்று தேடினால் எதுவும் வராது.

தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. அதற்கு முன்னால் ஏற்றிய பதிவுகளை யாராவது ஒருவர் உட்கார்ந்து மாற்றினால்தான் உண்டு. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, இலவசமாகவே. ஆனால் ஒரே பதிவில் புத்தகத்தின் பெயர் பாமினியிலும் பதிப்பகத்தின் பெயர் ஆங்கிலத்திலும் இருந்தால், கருவி ஆங்கிலத்தையும் சேர்த்துத் தமிழாக்கிக் கந்தல் பண்ணிவிடும். கண்ணால் சரிபார்க்க ஆள் வேண்டும்.

சில நூலகங்கள் இந்த வம்பே வேண்டாம் என்று தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தன. அதில் ஒரே புத்தகத்துக்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். 'பொன்னியின் செல்வன்' படத்துக்குப் போஸ்டரில் பார்த்த ஸ்பெல்லிங் ஒன்று. வெளிநாட்டு நூலகங்கள் பயன்படுத்தும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் 'செல்வன்' என்பது 'எஸ்'ஸில் ஆரம்பிக்காது, 'சி'யில் ஆரம்பிக்கும்.

யூனிகோடிலேயே ஏற்றினாலும் கதை முடியவில்லை. 'கொ' என்ற எழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் என்று இரண்டாகவும் பதியலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே. தேடுபொறி இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும்படி அமைக்கப்படாவிட்டால், இருக்கும் புத்தகத்தை 'இல்லை' என்று சொல்லிவிடும். கோஹாவின் உள்ளே இருக்கும் சீப்ரா என்ற தேடுபொறியை, லத்தீன் அல்லாத மொழிகளுக்கு 'ஐசியு' என்ற முறைக்கு மாற்றி அமைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அவசரத்தில் நிறுவுகிறவர்கள் இதை விட்டுவிட வாய்ப்பு அதிகம். பிறகு "கோஹால தமிழ் தேடல் சரியா வராது" என்று பெயர் வந்துவிடும்.

பெயர்கள் இன்னொரு காடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, இதே கடற்கரையில் இருக்கும் உவரியைச் சேர்ந்த எழுத்தாளரை எடுத்துக்கொள்வோம். 'கொற்கை' நாவலுக்காக 2013இல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர். அவர் பெயரை ஜோ டி குருஸ் என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஜோ டி குரூஸ், ஜோ டி க்ரூஸ் என்று எழுதுகிறவர்களும் உண்டு. மூன்றையும் ஒரே ஆளாகக் கோத்து வைக்காவிட்டால் ஒருவரே மூன்று ஆசிரியராகிவிடுவார். புதுமைப்பித்தனும் சொ.விருத்தாசலமும் ஒருவர்தான் என்று சாஃப்ட்வேருக்குத் தானாகத் தெரியாது. இப்படிக் கோப்பதற்குக் கோஹாவில் தனி வசதியே இருக்கிறது. கோப்பதற்கு ஆள்தான் வேண்டும். இதைத் தூத்துக்குடியில் ஒருவர் ஒருமுறை செய்தால் தஞ்சாவூரில் இன்னொருவர் திரும்பச் செய்ய வேண்டாமே?

ஆளுக்கொரு தீவா, எல்லோருக்கும் ஒரே பட்டியலா?

தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று படிப்படியாக. இந்தியாவில் மாநிலச் சட்டம் போட்டுப் பொது நூலகம் நடத்துவதில் நாம்தான் முன்னோடி; 1948இல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டம். வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரி. அது அந்தந்த மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. திருச்செந்தூரில் சொந்த வீடு இருப்பவர், நூலகத்துக்குள் கால் வைக்காதவராக இருந்தாலும், அதற்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த அமைப்பு ஒரே பட்டியலுக்கு ஏற்ற அமைப்பு. ஒரே துறை, ஒரே சட்டம், ஒரே வரி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே 'பைன்ஸ்' என்ற பெயரில் 250க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் ஒரே பட்டியலில் இணைந்தவை. விலைக்கு வாங்கிய சாஃப்ட்வேர் அவ்வளவு பெரிய வலைக்குத் தாக்குப் பிடிக்கவில்லை. மாநில நூலகத் துறை தானே புரோகிராமர்களை வேலைக்கு வைத்து 'எவர்கிரீன்' என்ற சாஃப்ட்வேரை எழுத வைத்தது. 2006 செப்டம்பரில் மாறினார்கள். ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். ஒரு ஊரில் வாங்கிய உறுப்பினர் அட்டையைக் காட்டி இன்னொரு ஊரில் புத்தகம் எடுக்கலாம். தன் ஊரில் இல்லாததை வேறு ஊரிலிருந்து வரவழைக்கலாம்.

இதைத் திருச்செந்தூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கும் ஒருவர், தமிழ் இலக்கணத்துக்கு ஒரு பழைய புத்தகம் தேடுகிறார். "அண்ணாச்சி, அந்தப் புஸ்தகம் இருக்கா?" "இருந்துச்சுன்னு நினைக்கேன், நாளைக்கு வாங்களேன்." இந்த உரையாடல் எத்தனை நூலகத்தில் தினமும் நடக்கிறதோ. ஒரே பட்டியல் இருந்தால், அது உடன்குடியில் இருக்கிறதா, ஆறுமுகநேரியில் இருக்கிறதா, தூத்துக்குடி மைய நூலகத்தில்தான் இருக்கிறதா என்று பஸ் ஏறுவதற்கு முன்பே போனில் தெரிந்துவிடும். நூலகர்களுக்கும் நல்லது. ஒரே நாவலை 4,600 இடத்தில் 4,600 பேர் பதிய வேண்டாம். ஒருவர் பதிந்தால் மற்றவர்கள் 'எங்களிடமும் ஒரு பிரதி' என்று சேர்த்துக்கொள்ளலாம். ஊர்ப்புற நூலகத்தில் தனியாளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நூலகரிடம், லினக்ஸ் நிறுவி, பேக்கப் எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெர்ஷன் மாற்றவும் சொல்வது நியாயமே இல்லை. அவருக்கு ஒரு பிரவுசரும் ஒழுங்கான நெட்டும் போதும். மற்றதெல்லாம் சர்வரை நடத்துகிறவர்களின் வேலை.

அந்த சர்வரை நடத்தும் குழு யார்? இங்கேதான் தமிழ்நாட்டின் பழைய அனுபவம் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். 2006-07 வாக்கில் அரசின் எல்காட் நிறுவனம், அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐஏஎஸ் முயற்சியில், லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. நாடே திரும்பிப் பார்த்தது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ், விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஆனால் லேப்டாப்பை ஆன் பண்ணியதும் எத்தனை பேர் பாஸ் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்பது அந்த லேப்டாப் வாங்கிய தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். ஒரு அதிகாரியின் ஆர்வத்தால் தொடங்குவதை, அவர் மாறுதலான பிறகும் நடத்த ஒரு குழுவும் அதற்கென்று சம்பளமும் வேண்டும்.

அரசுக் கொள்கை தடையாக இல்லை. மத்திய அரசு 2015 மார்ச்சில் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் கொள்கை, அரசுத் துறைகள் சாஃப்ட்வேர் வாங்கும்போது ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. டெண்டரில் ஓப்பன் சோர்ஸைத் தவிர்க்கும் நிறுவனம் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. மாநிலங்களும் இதைப் பின்பற்றலாம்.

அப்ப செலவே இல்லையா?

இருக்கு. சர்வர் வாடகை, பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யும் கூலி, பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு. கோஹா எழுதப்பட்டிருப்பது பெர்ல் மொழியில். இன்று இன்ஜினீயரிங் முடித்து வருகிறவர்களில் பெர்ல் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் பெரும்பாலான நூலகங்கள் ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு ஏஎம்சி கட்டித்தான் கோஹாவை நடத்தும். மூடிய சாஃப்ட்வேருக்கும் ஏஎம்சி உண்டு. வித்தியாசம், சேவை பிடிக்காதபோது தெரியும். கோஹாவில் நிறுவனத்தை மாற்றிவிட்டு அதே சாஃப்ட்வேரில் தொடரலாம். மற்றதில் நிறுவனத்தை மாற்றினால் சாஃப்ட்வேரையே மாற்ற வேண்டும், பதிவுகளை வெளியே எடுக்க முடிந்தால்.

அந்த 'முடிந்தால்' சாதாரண வார்த்தை இல்லை. நூலகப் பதிவுகளுக்கு 'மார்க்' என்று உலகம் முழுக்க ஒரு பொது வடிவம் இருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் அவ்ராம் தலைமையில் உருவானது. அதில் புத்தகத்தின் பெயருக்கு 245 என்று ஒரு எண், ஆசிரியருக்கு 100, ஐஎஸ்பிஎன்-னுக்கு 020. எந்த நாட்டு நூலகருக்கும் இந்த எண்கள் தெரியும். ஒரு சாஃப்ட்வேர் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் இந்த வடிவத்தில், யூனிகோடில், நூலகர் கேட்டதும் கொடுக்கிறதா என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே செய்துகாட்டச் சொல்ல வேண்டும். எக்செல் ஷீட்டில் தருகிறோம் என்றால் போதாது. பாதி விவரம் அதில் உதிர்ந்துபோகும். வாசகர்கள் எடுத்த புத்தகங்களின் விவரம் யாரிடம் இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இது மரியாதைக்காகக் கேட்கும் கேள்வி இல்லை.

முதலில் எந்த அலமாரி?

மாறுவது என்று முடிவெடுத்த நூலகங்கள் வழக்கமாக முதல் அலமாரியிலிருந்து வரிசையாகப் பதிய ஆரம்பிக்கும். அதில் ஒரு வீண் வேலை இருக்கிறது. பெரிய பதிப்பகங்களின் நூல்களுக்கு ஏற்கெனவே எங்கோ ஒரு நூலகத்தில் பதிவு இருக்கும். கோஹாவில் உட்கார்ந்தபடியே 'இசட் 39.50' என்ற வழியில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற இடங்களிலிருந்து அதை இறக்கிக்கொள்ளலாம். எழுத்துப்பெயர்ப்பில் இருந்தால் தமிழ் வரியைச் சேர்த்தால் போதும்.

வேறு எங்கும் பதிவு இல்லாதவை உள்ளூர் நூல்கள். கோயில் தல வரலாறு, தேவாலயத் திருவிழா மலர், பள்ளிக்கூடப் பொன்விழா மலர், உப்பளத் தொழிலாளர் போராட்டத் துண்டறிக்கை, காயல்பட்டினத்து வீடுகளில் இருக்கும் அரபுத்தமிழ்க் கையேடுகள். ஐஎஸ்பிஎன் இருக்காது. பலவற்றில் ஆண்டுகூட அச்சாகியிருக்காது. இவற்றுக்கு அமெரிக்காவிலிருந்து பதிவு இறங்காது.

முத்துக்குளித்துறைக்கு இது புதிய அனுபவமும் இல்லை. திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கும் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்று எழுதிய போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்ஸின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம். அதன் பிரதி இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில். புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படும் அவருடைய 1586ஆம் ஆண்டு 'அடியார் வரலாறு' பிரதி வாடிகன் நூலகத்தில் இருக்கிறது. அங்கே யாரோ ஒருவர் அவற்றுக்குப் பதிவு எழுதி வைத்ததால்தான் அவை இருப்பது நமக்குத் தெரிகிறது. 1986இல் ஆறுமுகநேரியில் அச்சான ஒரு மலருக்கு அப்படிப் பதிவு எழுத ஹார்வர்டில் ஆள் இல்லை. அதை எழுத வேண்டியவர் இந்த மாவட்டத்து நூலகங்களில் ஒன்றில், இப்போது ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.